ஆக்டோபஸுக்கு எத்தனை மணி நேரம் ட்ரிப் போடணும்? கேள்விய கொஞ்சம் மாத்திக் கேப்போம்

ட்ரிப்னா புதுசா வந்தது இருக்கிற தண்ணியில தொட்டித் தண்ணிய சொட்டு சொட்டா விட்டுப் பழக்குறது. தம்பி, நீங்க கேட்டது "கடைக்காரர் ஒரு மணி நேரம் ட்ரிப் போட்டா போதும்ங்கிறார், நெட்ல நாலு மணி நேரம்னு போட்டிருக்கு, எது சரி"ன்னு. ஆனா அதுக்குக் கீழயே நீங்க எழுதியிருக்கீங்க, போன தடவை வாங்கினதுக்கு ரெண்டு மணி நேரம் ட்ரிப் போட்டும் மூணாவது நாள் வெளுத்துப் போய் செத்துருச்சு, இப்ப அடுத்தது சனிக்கிழமை சபாலேருந்து பிளைட்ல வருது, பூச்சோங் வீட்டுல மூணடி தொட்டி, முன்ன கிளவுன் மீன் வச்சிருந்த தொட்டின்னு. அப்ப உங்க கேள்வி மணிக்கணக்கு இல்ல. போனது ஏன் செத்துச்சு, வரப்போறது பொழைக்க என்ன செய்யணும், அதானே? அதுக்குத்தான் பதில் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், தே ஓ (பால் இல்லாத டீ) ஒண்ணு கலக்கிட்டு வந்து உக்காருங்க.

நான் பல வருஷம் ஒரு அக்குவேரியத்துல குவாரன்டின் ரூம்ல வேலை பாத்தவன், இப்ப பினாங்குல வீடு, ஆபிஸ், சாப்பாட்டுக்கடைன்னு கடல் தண்ணி தொட்டிங்கள பராமரிக்கிறதுதான் பொழப்பு. கால்நடை டாக்டர் கிடையாது. நீங்க போட்டிருக்கிற போட்டோவ வச்சு அது இதனாலதான் செத்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல என்னால முடியாது, யாராவது சொன்னாலும் நம்பாதீங்க. சந்தேகப்பட வேண்டிய ஆளுங்க யாருன்னு மட்டும் சொல்ல முடியும்.

முதல் சந்தேகம் நீங்களே எழுதின ஒரு வரி மேலதான், "கிளவுனுக்கு வெள்ளப் புள்ளி வந்தப்ப மருந்து ஊத்துனேன், அப்புறம் தண்ணி எல்லாம் மாத்திட்டேன்"னு போற போக்குல சொல்லிட்டுப் போயிட்டீங்க. அந்த பாட்டில் இன்னும் இருந்தா எடுத்து லேபிளப் படிங்க. காப்பர்னோ காப்பர் சல்ஃபேட்னோ எங்கயாவது இருந்தா சனிக்கிழமை ஆர்டர இப்பவே கேன்சல் பண்ணுங்க, இதுல பேச்சே கிடையாது. ஆக்டோபஸ் ரத்தம் நீலமா இருக்கிறதுக்குக் காரணமே செம்புதான், ஹீமோசயனின்னு ஒரு புரோட்டீன்ல செம்ப வச்சுத்தான் அது ஆக்சிஜனச் சுமக்குது, ஆனா தண்ணியில கரைஞ்சிருக்கிற செம்பு அதே ஆக்டோபஸுக்கு விஷம். வெள்ளப் புள்ளிக்கு மீனுக்குப் போடுற அளவு லிட்டருக்கு 0.15லேருந்து 0.20 மில்லிகிராம், மீன் அதத் தாங்கும், இறால், நத்தை, ஆக்டோபஸ் எதுவும் தாங்காது. தண்ணிய மாத்திட்டேனேன்னு கேப்பீங்க. செம்பு தண்ணியில மட்டும் நிக்காது, சுண்ணாம்புச் சத்து உள்ள லைவ் ராக் (நல்ல பாக்டீரியா குடியிருக்கிற கடல் கல்லு), பவள மணல் இதுல போய் ஒட்டிக்கும், டெஸ்ட் கிட்ல இன்னிக்கு ஜீரோ காட்டும், பிஎச் (தண்ணியோட அமில கார அளவு) கொஞ்சம் எறங்கினா மறுபடி கொஞ்சம் கொஞ்சமா கக்கும். அதனால கல்லு, மணல், ஃபில்டர் மீடியா எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு புதுசா ஆரம்பிக்கணும். கண்ணாடிய ஒட்டியிருக்கிற சிலிகானும் செம்ப உறிஞ்சி வச்சிக்குமாங்கிறதுலதான் ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, கழுவினா போதும்னு ஒரு கூட்டம், தொட்டியவே மாத்துன்னு ஒரு கூட்டம். நான் ரெண்டாவது கட்சி, ஏன்னா மூணடி தொட்டி ஒண்ணும் அவ்வளவு வெலை இல்ல, செத்துப் போறது ஒரு உயிரு.

மருந்துல செம்பு இல்லைன்னு உறுதியா தெரிஞ்சா மேல படிங்க.

ரெண்டாவது சந்தேகம் உப்பு. இத நிறைய பேர் கண்டுக்கிறதே இல்ல. நம்ம ஊர் கடைங்கள்ல சிலது உப்பு செலவு மிச்சம் பண்ணவும் மீன் மேல இருக்கிற பூச்சிய அடக்கவும் தண்ணிய 1.020, 1.021னு (இது தண்ணியோட அடர்த்தி அளவு, உப்பு கூடினா இதுவும் கூடும்) லேசா வச்சிருப்பாங்க, உங்க தொட்டி 1.025ல இருக்கும். மீனுக்கு உடம்புக்குள்ள உப்பக் கட்டுப்படுத்த வசதி இருக்கு, செவுளும் சிறுநீரகமும் சேந்து சமாளிச்சிடும். ஆக்டோபஸுக்கு அந்த ஏற்பாடு கிடையாது, வெளிய கடல்ல எவ்வளவு உப்போ உள்ள ரத்தத்துலயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், வெளிய சட்டுன்னு மாறினா உள்ளயும் மாறும், செல்லு வீங்கும் இல்லன்னா சுருங்கும். ஆகவே உங்க தொட்டி 1.025, 1.026ல நிலையா நிக்கணும், அத ரிஃப்ராக்டோமீட்டர்ல (ஒரு சொட்டுத் தண்ணியில ஒளி வளையிறத வச்சு உப்பு காட்டுற கருவி) அளக்கணும், அந்த ஊசி ஆடுற பிளாஸ்டிக் டப்பா மீட்டர நம்பாதீங்க, அதுல ஒரு சின்ன காத்துக் குமிழி ஒட்டினாலே தப்பா காட்டும். ரிஃப்ராக்டோமீட்டரையும் 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) கேலிப்ரேஷன் திரவத்துல சரி பாத்துக்கங்க, குழாத் தண்ணிய விட்டு ஜீரோ வச்சா மட்டும் பத்தாது. போன தடவை பை தண்ணியோட உப்ப அளந்தீங்களான்னு எழுதவே இல்ல, அளக்கலைன்னுதான் நினைக்கிறேன்.

மூணாவது, பைக்குள்ள நடக்குற கெமிஸ்ட்ரி. "எத்தனை மணி நேரம்"ங்கிற உங்க கேள்விக்குப் பதில் இங்கதான் இருக்கு. கோத்தா கினபாலுல பேக் பண்ணி, ஏர்போர்ட், கார்கோ, லாரி எல்லாம் தாண்டி உங்க கைக்கு வர பன்னண்டு மணி நேரத்துக்கு மேலயே ஆயிடும். அவ்வளவு நேரமும் அது மூடின பைக்குள்ள மூச்சு விடுது, கரியமில வாயு சேந்து பிஎச் எறங்கிட்டே போகும், அதே சமயம் அமோனியாவும் சேரும். இதுல ஒரு நல்லது என்னன்னா பிஎச் கம்மியா இருக்கிற வரைக்கும் அந்த அமோனியா பெரும்பாலும் அமோனியம்ங்கிற ரூபத்துல இருக்கும், அது அவ்வளவு ஆபத்து இல்ல. நீங்க பைய வெட்டித் திறந்த நிமிஷம் கரியமில வாயு வெளிய போக ஆரம்பிக்கும், பிஎச் ஏறும், அமோனியம் அப்படியே விஷ அமோனியாவா மாறும். நீங்க பாட்டுக்கு அந்தத் தண்ணியிலயே அத உக்கார வச்சு சொட்டு சொட்டா ரெண்டு மணி நேரம் தொட்டித் தண்ணி விட்டா, தொட்டித் தண்ணியோட பிஎச்சும் கூடத்தானே, அதுவும் சேந்து ஏத்திவிடும். ரொம்ப பொறுமையா, ரொம்ப பாசமா, அமோனியாவுல ஊறப் போட்ட மாதிரி ஆயிடும். பக்கத்து தாமான் (குடியிருப்புப் பகுதி) கடையில வாங்கி அரை மணி நேரத்துல வீட்டுக்குக் கொண்டு வந்தா இந்தப் பிரச்சினை இல்ல, அங்க ஒரு மணி நேரமோ ரெண்டு மணி நேரமோ நிதானமா ட்ரிப் போடலாம். கடைக்காரர் சொன்னது அந்தக் கணக்கு. நெட்ல நாலு மணி நேரம்னு எழுதினவர் எந்த பைய மனசுல வச்சு எழுதினார்னு தெரிஞ்சாத்தான் அத எடுத்துக்கவோ தள்ளவோ முடியும்.

தூரத்துலேருந்து வர்ற பைக்கு நான் செய்யறது வேற. விக்கிறவர்கிட்ட முன்னாடியே வாட்ஸ்அப்ல கேளுங்க, அவர் தொட்டி உப்பு எவ்வளவு, பேக் பண்ற தண்ணி உப்பு எவ்வளவுன்னு. சொல்லத் தெரியலைன்னா அவர்கிட்ட வாங்கவே வேணாம்னு சொல்வேன், அது என் அபிப்பிராயம். சொன்னார்னா, அதே உப்புல, ஆர்ஓ தண்ணியில நல்ல சால்ட் கலந்து, முதல் நாளே ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பில ஒரு 20 லிட்டர் ரெடி பண்ணி, ஏர்ஸ்டோன் போட்டு ஓட விட்டிருங்க. டப்பு புதுசா இருக்கட்டும், சோப்போ குளோராக்ஸ் ப்ளீச்சோ பட்டதா இருக்கக் கூடாது. பெட்டி வந்ததும் ஹால் லைட்ட அணைச்சுட்டு, பைய திறக்காமலே டப்புல ஒரு இருபது நிமிஷம் மிதக்க விடுங்க, சூடு சமமாகட்டும். அப்புறம் பைய வெட்டி, முதல் வேலையா ஒரு சொட்டு எடுத்து உப்ப அளந்துடுங்க. டப்புக்கும் பைக்கும் 0.001க்குள்ள இருந்தா உடனே ஆக்டோபஸ டப்புக்கு மாத்திடுங்க, ஜாஸ்தி வித்தியாசம் இருந்தா டப்புல ஆர்ஓ தண்ணியோ உப்புத் தண்ணியோ சேத்து சரி பண்ணிட்டு மாத்துங்க, அஞ்சு நிமிஷ வேலை. இப்ப அது அமோனியா இல்லாத சுத்தமான தண்ணியில, அதுக்குப் பழகின உப்புல இருக்கு. ட்ரிப்ப இங்கேருந்து ஆரம்பிங்க, தொட்டியிலேருந்து ஏர்லைன் டியூப்ல ஒரு லேசான முடிச்சுப் போட்டு, நிமிஷத்துக்கு 150 மில்லி போல மெல்லிசா ஓடட்டும். தண்ணி ரெட்டிப்பானதும் பாதிய எடுத்து ஊத்திட்டு மறுபடி. 20 லிட்டர் ரெட்டிப்பாக ரெண்டு மணி நேரத்துக்கு மேலயே ஆகும், ஆகட்டும், சுத்தமான தண்ணியில இருக்கிறப்ப அவசரம் இல்ல. மணிக்கு 0.002க்கு மேல உப்ப ஏத்த மாட்டேன், 1.021லேருந்து 1.025க்குன்னா குறைஞ்சது ரெண்டு மணி நேரம் ஆகும்னு வச்சிக்கங்க. பிஎச் ஒரே மூச்சுல மாறுதேன்னு கேட்டா, ஆமா மாறும், ஆனா ரெண்டு கெட்டதுல அமோனியாதான் பெரிய கெட்டது.

இதுல எது நிச்சயம், எது பழக்கம்னு பிரிச்சுச் சொல்லிடுறேன். பை திறந்தா அமோனியா விஷமாகும்ங்கிறது வெறும் கெமிஸ்ட்ரி, அதுல சந்தேகம் இல்ல. ஆக்டோபஸ் உப்பு மாத்தத்த சமாளிக்காதுங்கிறதும் நிச்சயம். ஆனா மணிக்கு 0.002ங்கிறது என் கை வழக்கம், உப்ப முன்னாடியே பொருத்தி வச்சு மாத்துற முறையும் மீன் குவாரன்டின் பண்றவங்ககிட்டேருந்து எடுத்துக்கிட்டது, ஆக்டோபஸ வச்சு ரெண்டு முறையையும் ஒப்பிட்டு இதான் சிறந்ததுன்னு நிரூபிச்சதா நான் சொல்ல மாட்டேன். இன்னொருத்தர் வேற மாதிரி செஞ்சு நல்லா வச்சிருந்தார்னா சண்டைக்குப் போக மாட்டேன்.

டப்பிலயும் சூடு பாருங்க. நம்ம ஊர்ல ஏர்கான் இல்லாத ஹால்ல மத்தியானம் 31, 32 டிகிரி சர்வ சாதாரணம், தொட்டி சில்லர்ல (தண்ணியக் குளிர வைக்கிற மெஷின்) 26ல இருக்கும், மூணு மணி நேரம் ட்ரிப் போட்டு முடிக்கிறப்ப டப்பு 30ஐத் தொட்டிருக்கும், கடைசியில நாலு டிகிரி வித்தியாசத்துல தொட்டியில போய் விழும். டப்பையே அது வந்த வெள்ளை ஃபோம் பெட்டிக்குள்ள எறக்கி வையுங்க, இல்ல ஏர்கான் போட்ட ரூம்ல செய்யுங்க. தொட்டி எத்தனை டிகிரி இருக்கணும்னா, சபா பக்கம் கடலே 28, 29 இருக்கு, அதனால 25தான் வேணும்னு அடம் பிடிக்க வேணாம், நான் 26ல வைப்பேன், ஏன்னா தண்ணி சூடாக சூடாக ஆக்சிஜன் கம்மியா கரையும், அதோட பசியும் மூச்சும் ஜாஸ்தியாகும், வாழ்நாளும் சீக்கிரம் ஓடிடும். 30 தாண்ட விடாதீங்க. ஃபேன் வச்சு சமாளிக்கிறவங்க ஒண்ணு ஞாபகம் வச்சிக்கணும், ஃபேன் தண்ணிய ஆவியாக்கித்தான் குளிர வைக்குது, உப்பு அப்படியே தங்கிடும், ஆர்ஓ தண்ணி தினம் டாப் அப் பண்ணலைன்னா ஒரு வாரத்துல உப்பு எகிறிடும்.

பையிலேருந்து எடுக்கிறப்ப கைய வச்சு இழுக்காதீங்க, வலை வேணவே வேணாம். உறிஞ்சான் ஒவ்வொண்ணும் தனித்தனியா பிடிச்சிருக்கும், நீங்க அதோட ஒரு கைய பிரிச்சு எடுத்து அடுத்ததுக்குப் போறதுக்குள்ள முதல் கை திரும்ப வந்து ஒட்டிக்கும், பலமா இழுத்தா தோல் கிழியும், அந்தப் புண்ணுல கிருமி பூந்தா பொழைக்கிறது கஷ்டம். பை வாய டப்புத் தண்ணிக்குள்ள அமுக்கிப் பிடிச்சு, அடிப்பக்கத்த மெல்லத் தூக்கி, சும்மா இருங்க. முதல்ல ஒரு கை நுனி மட்டும் வெளிய வந்து தடவிப் பாக்கும், உள்ள போகும், திரும்ப வரும். அவசரப்படாதீங்க, அதுவா வரும். டப்புல ஒரு துண்டு பிவிசி பைப்போ பெரிய சங்கோ போட்டு வச்சிருந்தீங்கன்னா அதுக்குள்ள போய் உக்காந்துக்கும், அப்புறம் தொட்டிக்கு மாத்துறப்ப அந்த பைப்போட சேத்தே தண்ணிக்குள்ளயே எறக்கிடலாம். டப்புத் தண்ணியத் தொட்டியில ஊத்தாதீங்க.

பெட்டிய திறக்கும் போதே பைத் தண்ணி மை கக்கி கருப்பா இருந்தா மேல சொன்ன இருபது நிமிஷம் மிதக்க விடுற கதையெல்லாம் கிடையாது, உடனே மாத்திடணும். மையில சளி மாதிரி பசை இருக்கு, கடல்ல அது பரவிப் போயிடும், பைக்குள்ள அதோட செவுள்லயே போய் அடைக்கும். தொட்டியில விட்டதுக்கு அப்புறம் மை கக்கினா பயப்படாதீங்க, நூல் நூலா மிதக்கிறத ஒரு கப்புல அள்ளி எடுத்துட்டு, ஃபில்டர்ல புது கார்பன் (கரி) போட்டு, கால்வாசி தண்ணிய மாத்துங்க. அதுக்காகவே 40 லிட்டர் உப்புத் தண்ணி கலக்கி தயாரா இருக்கட்டும்.

மூடியப் பத்தி ரெண்டே வரி. அதோட அலகு நுழையிற ஓட்டையில முழு உடம்பும் நுழையும், 2016ல நியூசிலாந்து நேப்பியர் அக்குவேரியத்துலேருந்து இங்கின்னு ஒண்ணு தொட்டிய விட்டு எறங்கி, தரையக் கடந்து, வடிகால் குழாய் வழியா கடலுக்கே போயிடுச்சு, உலகம் பூரா செய்தி. முதல் ராத்திரியே தப்பிக்கப் பாக்கும், அதனால கிளிப் போட்ட மூடி, டியூப் நுழையிற இடத்துல ஸ்பாஞ்ச், பம்ப் வாயில ஸ்பாஞ்ச், ட்ரிப் டப்புக்கும் மூடி, மேல ஒரு செங்கல்.

முதல் 24 மணி நேரம் லைட் வேணாம், சாப்பாடும் வேணாம், குழந்தைங்க கண்ணாடியத் தட்ட வேணாம். அடுத்த நாள் சாயங்காலம் ஒரு சின்ன உயிரோட இருக்கிற நண்டு விடுங்க, பெரிய நண்டுன்னா இடுக்கிய உடைச்சுட்டு விடுங்க. பாசார்ல ஐஸ்ல கிடக்கிற இறால் அப்புறம் பாத்துக்கலாம், ஆரம்பத்துல அசையிறதத்தான் தொடும். ரெண்டு, மூணு நாள் சாப்பிடாம இருக்கிறது சகஜம், பதறி அடுத்தடுத்து நண்டப் போட்டுத் தண்ணியக் கெடுத்துடாதீங்க, மிச்சத்த மறுநாள் காலையில எடுத்துடணும். நிறம் மாறுறதும், பொந்துக்குள்ள ஒளியிறதும், கண்ண மட்டும் நீட்டிப் பாக்கிறதும் நல்ல சகுனம். ஒரே சீரா வெளுத்துப் போய் வெட்ட வெளியில கிடக்கிறது, மூச்சு வாங்குறது, தன் கை நுனியத் தானே கடிக்கிறது இதெல்லாம் கெட்டது, உடனே அமோனியா, உப்பு, சூடு மூணையும் அளந்துட்டு தண்ணி மாத்துங்க. அமோனியா, நைட்ரைட் ரெண்டும் ஜீரோவா இல்லாத தொட்டியில ஆக்டோபஸே விடக் கூடாது, மூணு மாசமாவது ஓடி செட் ஆன தொட்டியா இருக்கணும், ஸ்கிம்மர் (நுரை கிளப்பி கழிவ எடுக்குற கருவி) தொட்டி சைஸ விட பெருசா இருக்கணும், ஒரு மீன விட பல மடங்கு கழிவு போடும்.

இன்னொண்ணு, இத வெளிநாட்டுக்காரன் யாரும் எழுத மாட்டான், நம்ம ஊர் பிரச்சினை. டெங்கிக்கு தாமான்ல ஃபாகிங் போட வருவாங்களே, அந்தப் புகையில இருக்கிறது பூச்சி மருந்து, நண்டு இறாலுக்கும் மீனுக்கும் விஷம், அந்த மாதிரி மருந்துகிட்ட ஆக்டோபஸ வச்சு நான் பந்தயம் கட்ட மாட்டேன். ஏர்பம்பும் ஸ்கிம்மரும் ரூம் காத்தத்தான் இழுத்துத் தண்ணிக்குள்ள விடுது. ஃபாகிங் சத்தம் கேட்டதும் ஜன்னல சாத்தி, தொட்டிய ஈரத் துணி போட்டு மூடி, ஏர்பம்பையும் ஸ்கிம்மரையும் நிறுத்திட்டு, சுத்துற பம்ப மட்டும் ஓட விடுங்க, புகை அடங்கினதும் மறுபடி போடுங்க. கொசு ஸ்பிரே, கொசுவத்தி அந்த ரூம்லயே வேணாம். உங்க முதல் ஆக்டோபஸ் செத்த வாரம் ஃபாகிங் வந்துச்சான்னு வீட்டுல கேட்டுப் பாருங்க.

எல்லாம் சரியா செஞ்சும் போனது செத்திருக்கலாம், அதுவும் உண்மை. சின்ன ஜாதி ஆக்டோபஸ் மொத்தமே ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்தான் வாழும், கடல்லேருந்து பிடிச்ச பெருசு ஒண்ண வாங்கினா அது கடைசி மாசத்துல இருக்கலாம், பொட்டையா இருந்து முட்டை போட்டிருந்தா சாப்பாட்ட நிறுத்திட்டுத்தான் சாகும், நீங்க ஒண்ணும் செய்ய முடியாது. அதனால சின்ன சைஸா கேளுங்க. கேக்கும் போதே பகல்ல எடுத்த தெளிவான வீடியோவும் கேட்டு வாங்குங்க, என்ன ஜாதின்னு தெரியாம சபா ஆக்டோபஸ்னு மட்டும் சொல்றது போதாது. சபாவுல மாபுல் தீவுப் பக்கம் நீல வளைய ஆக்டோபஸ டைவர்ஸ் பாக்குறாங்க, கோல்ஃப் பந்து சைஸ்ல இருக்கும், சும்மா இருக்கும் போது மஞ்சள் பழுப்பா சாதாரணமா தெரியும், சீண்டினாத்தான் நீல வளையம் பளிச்சுன்னு வரும். அதோட எச்சில்ல டெட்ரோடோடாக்ஸின் இருக்கு, கடிச்சது பல நேரம் வலிக்கக் கூட வலிக்காது, மூச்சு விடுற தசை நின்னு போகும், முறி மருந்து கிடையாது, ஆஸ்பத்திரியில செயற்கை மூச்சு கொடுத்துத்தான் காப்பாத்தணும். அந்த மாதிரி ஏதாவது பெட்டியில வந்துச்சுன்னா கைய விடாதீங்க, பைய திறக்காதீங்க, விக்கிறவருக்கு போன் போடுங்க. மரைன் பார்க்லேருந்து பிடிச்சதா இல்லையான்னும் கேளுங்க, அங்க எதையும் எடுக்கச் சட்டம் விடாது.

கடைசியா, மிச்சமிருக்கிற ஒரு கிளவுன் மீனையும் அதோடயே வச்சிக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. வேணாம். ராத்திரி தூங்குற மீன அது பிடிச்சுத் தின்னும், இல்லன்னா பகல்ல மீன் அதோட கைய கொத்திக் கொத்தி வெளியவே வர விடாது. கிளவுன ஃப்ரெண்ட் யாருக்காவது கொடுத்துடுங்க. மருந்து பாட்டில் லேபிள மட்டும் போட்டோ எடுத்து இங்க போடுங்க, சனிக்கிழமைக்கு முன்னாடி பாத்துச் சொல்றேன்.